கால் வீக்கமும் கிறிஸ்தவ அன்பும்

(நம் பங்கின் பொன்விழா ஆண்டில், லூர்து அன்னையின் திருநாளாகிய பிப்ரவரி 11-ஆம் நாள், நோயாளருக்கான திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்றைய உரையை அப்படியே பொன்விழா மலரில் அச்சிடப் போவதாக மலர்க் குழுவினர் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள். கோவில் எழும்பிய வரலாறும், மணி வந்த கதையும், முன்னாள் பங்குத்தந்தையரின் அரும்பணிகளும் அம்மலரின் மற்றப் பக்கங்களை அணி செய்யும். நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கால் வீக்கம். பொன்விழா மேடையில் பேசுகின்ற பொருளா இது என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இன்று நோயாளரின் நாள். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1992-ஆம் ஆண்டில் ஏற்படுத்தி, 1993 முதல் உலகமெங்கும் அனுசரிக்கப்பட்டு வருகிற நாள் இது. இந்த நாளில் நாம் செய்த ஒரு தவற்றை உங்கள்முன் ஒப்புக்கொள்ளாமல் வேறெதையும் பேச நமக்கு மனம் வரவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தவக்காலத்து ஞாயிறு ஒன்றில், நாம் பிரசங்கத்தினிடையே சற்றுக் கடுமையாகப் பேசினோம். எழுந்தேற்றத்தின்போது எல்லாரும் முழந்தாளிட்டிருக்க, பின்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து, “ஆண்டவர் முன் மடங்காத முழங்கால் எதற்கு? சினிமாக் கொட்டகையில் மூன்று மணி நேரம் இருக்கிற கால், இங்கே மூன்று நிமிடம் மடங்காதா?” என்று கேட்டோம். சிலர் சிரித்தார்கள். நல்ல பிரசங்கம் செய்ததாக நாமும் எண்ணிக்கொண்டோம்.

அன்று பின்வரிசையில் இருந்த ஒரு சகோதரி அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஏழு மாதம் கோவில் வாசற்படியை மிதிக்கவில்லை. வேறு சபைக்குப் போய்விட்டார்கள் போலும் என்று நம்மிடம் சொன்னவர்கள் உண்டு. நாமும் அதை நம்பினோம். பின்பு ஒருநாள் அந்தத் தெருவில் வீடு மந்திரிக்கப் போயிருந்தபோது, உபதேசியார்தாம், “சாமி, அந்த வீட்டுக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க” என்று அழைத்துச் சென்றார்.

அந்தச் சகோதரி எழுந்து நிற்க முயன்றார்கள். சேலையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்கள். நாம் உட்காரச் சொல்லி, “ஏன் அம்மா கோவிலுக்கு வருவதில்லை?” என்று கேட்டோம். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு அவர்கள் சொன்னது இதுதான்: “முழந்தாள் போட்டா என்னால எந்திரிக்க முடியாது சாமி. அதை ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டா இருக்க முடியும்? காலைக் காட்டிக்கிட்டா வர முடியும்?”

பிரியமானவர்களே, அன்று அந்த வீட்டில் நாம்தாம் மன்னிப்புக் கேட்டோம். இன்று உங்கள் எல்லார் முன்னிலையிலும் மறுபடி கேட்கிறோம். அவர்களுடைய அனுமதியோடும், பெயரைச் சொல்வதில்லை என்ற வாக்குறுதியோடுமே இதைப் பேசுகிறோம். அவர்கள் யார் என்று ஆராய்வதை விட்டு, அவர்கள் நமக்குக் கற்றுத்தந்ததைக் கேளுங்கள்.

அச்சகோதரி பல ஆண்டுகளாக மிகுந்த உடற்பருமனால் வருந்தியவர்கள். சர்க்கரை நோய், மூட்டு வலி, படுத்தால் மூச்சு முட்டல் என்று எல்லாம் சேர்ந்துகொள்ள, மருத்துவர்களின் ஆலோசனைப்படி பட்டணத்தில் ஒரு மருத்துவமனையில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கிச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார்கள். நகை போயிற்று, கடனும் ஏற்பட்டது. ஆனால் பலனும் இருந்தது. ஒன்றரை ஆண்டில் 40 கிலோ குறைந்தது, சர்க்கரை அடங்கியது, இரவில் தூக்கம் வந்தது. அந்தச் சிகிச்சையை நாம் குறை கூறவில்லை. தேவையானவர்களுக்கு அது உயிர் காக்கும் சிகிச்சை.

ஆனால் இடது கால் மட்டும் வற்றவில்லை. உடம்பு மெலிய மெலிய, அந்தக் கால் முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அப்போதுதான் ஊராரின் நாக்கு நீண்டது. “இத்தனை லட்சத்தைக் கொட்டியும் கால் அப்படியே இருக்கிறதே” என்றனர் சிலர். “வாயைக் கட்டியிருந்தால் ஆபரேஷன் எதற்கு?” என்றனர் சிலர். “முன்னோர் செய்த பாவம்” என்று சொன்னவர்களும் உண்டு. இப்படிச் சொன்னவர்களில் நம் பங்கு மக்களும் இருந்தார்கள் என்பதை வேதனையோடு சொல்கிறோம்.

கால் ஏன் வற்றவில்லை? மருத்துவர் நமக்கு விளக்கியதை, வயலும் வாய்க்காலும் அறிந்த உங்களுக்கு எளிதில் சொல்லிவிடலாம். வயலுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்று; மிகுந்த நீரை வெளியேற்றும் வடிகால் வேறொன்று. நம் உடலிலும் அப்படியே. இரத்தக் குழாய்கள் நீரையும் சத்தையும் தசைகளுக்குக் கொண்டுவருகின்றன. அங்கே கசிந்து மிஞ்சும் நீரை நிணநீர்க் குழாய்கள் என்ற மெல்லிய வடிகால்கள் சேர்த்தெடுத்து, கழுத்தின் அடியிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களில் மறுபடி கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. இரத்தத்தைத் தள்ள இருதயம் இருக்கிறது. நிணநீருக்கு அப்படித் தனியாக ஓர் இருதயம் இல்லை. அந்தக் குழாய்களின் மெல்லிய சுருக்கமும், நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்துவதும், ஆழ்ந்து மூச்சு விடுவதுமே அதை மேலே ஏற்றுகின்றன.

பல ஆண்டு உடற்பருமன் இந்த வடிகால்களை நெரித்துப் பழுதாக்கிவிடும். பிறகு எடை குறைந்தாலும், பழுதான வடிகால் எல்லாருக்கும் பழையபடி ஆகிவிடுவதில்லை. மழை நின்ற பிறகும் தூர்ந்த வடிகாலின் ஓரத்து வயலில் தண்ணீர் நிற்பதை நீங்கள் பார்த்ததில்லையா? தேங்கிய நீரால் தோல் தடிக்கும். மடிப்புகளில் புண் வரும். சிறு கீறல் வழியாகக் கிருமி புகுந்து குளிர் காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலும் வடிகாலை இன்னும் கெடுக்கும். இதற்கு நிணநீர் வீக்கம் என்று பெயர். இது சோம்பலால் வருவதன்று. வாயைக் கட்டாததற்குத் தண்டனையுமன்று.

கால் வீக்கமெல்லாம் இந்த ஒரு வகையே என்றும் எண்ணிவிடக் கூடாது. இருதயம், சிறுநீரகம், ஈரல் இவை பழுதுபட்டாலும் கால் வீங்கும். புற்றுநோய்க்காக நெறிக்கட்டிகளை நீக்கியவர்களுக்கும் கதிர்ச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் கையோ காலோ வீங்கக்கூடும். வயிற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புரதச் சத்துக் குறைந்தாலும், பி-1 வைட்டமின் குறைந்தாலும் கால் வீங்குவதுண்டு. ஆகையால் அவர்கள் காலம் தவறாமல் இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் தந்த சத்து மாத்திரைகளை விடாமல் உண்ண வேண்டும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால், அது இரத்தம் உறைந்த அடைப்பாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்கலாகாது.

நம் நாட்டில் கால் வீக்கம் என்றவுடன் நினைவுக்கு வருவது யானைக்கால் நோய். அதன் வரலாற்றில் நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோவாவில் தங்கியிருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுப் பயணி, 1596-இல் வெளிவந்த தம் பயண நூலில், இந்நாட்டில் யானைக் கால் போன்ற கால் உடையவர்களைப் பற்றி எழுதுகிறார். அவர்கள் புனித தோமையாரைக் கொன்றவர்களின் வம்சத்தார் என்றும், அந்தச் சாபமே காலில் இறங்கியது என்றும் அக்காலத்தில் சொல்லப்பட்ட பேச்சை அவர் பதிவு செய்திருக்கிறார். அப்போஸ்தலரின் பெயரைச் சொல்லியே, ஒரு பாவமும் அறியாத ஏழைகளைச் சபித்தார்கள்!

உண்மை வெளிப்பட முந்நூறு ஆண்டுகள் ஆயின. சீனாவின் அமோய் நகரில் பணிபுரிந்த பாட்ரிக் மான்சன் என்ற மருத்துவர், இந்நோய்க்குக் காரணமான நுண்புழு கொசுவின் உடலில் வளர்வதை 1877-இல் கண்டறிந்தார். சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் பெருகும் கொசு கடிப்பதால் அந்தப் புழு உடலில் புகுந்து, நிணநீர் வடிகால்களில் குடியிருந்து அவற்றைக் கெடுக்கிறது. தொட்டால் அது ஒட்டாது. ஒரே குவளையில் நீர் அருந்தினாலும் ஒட்டாது. ஒரே பலகையில் உட்கார்ந்தாலும் ஒட்டாது. நம் அரசு 1955-இல் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2004 முதல் நோய் பரவிய மாவட்டங்களில் ஆண்டுக்கொரு முறை எல்லாருக்கும் மாத்திரை வழங்கும் முயற்சி நாடெங்கும் நடந்தது. பக்கத்து இலங்கை, பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை நீக்கிவிட்டதாக 2016-இல் உலகச் சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. ஆனால் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். மாத்திரை நோய் பரவுவதைத் தடுக்கும். முன்பே வீங்கித் தடித்த காலை அது பழையபடி ஆக்காது. அந்தக் காலை நாள்தோறும் பேணித்தான் ஆக வேண்டும்.

அருளப்பர் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். பிறவிக் குருடனைக் கண்டதும் சீடர்கள் கேட்ட முதல் கேள்வி, யார் செய்த பாவம் என்பதுதான்: இவனுடையதா, பெற்றோருடையதா? இருவரும் காரணமல்லர் என்று நம் ஆண்டவர் அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். ஆண்டவர் தள்ளிய கேள்வியை நாம் மறுபடி பொறுக்கியெடுத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசலாமா?

இனி அந்தச் சகோதரியின் அன்றாட வாழ்வைச் சொல்கிறோம். இதே துன்பம் உள்ளவர்கள் இக்கூட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படும்.

முதலாவது, சுத்தம். காலையும் மாலையும் சாதாரண சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு காலைக் கழுவுகிறார்கள். கொதிக்கும் வெந்நீர் ஆகாது. முரட்டுத் தேய்ப்பும் ஆகாது. பிறகு மெல்லிய துணியால் ஒற்றி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைக்கிறார்கள். தோல் வெடிக்காதிருக்க மருத்துவர் சொன்ன களிம்பைத் தடவுகிறார்கள். விரலிடுக்கில் சேற்றுப்புண் கண்டால் அன்றே மருந்து போடுகிறார்கள். வெறுங்காலோடு நடப்பதில்லை.

இரண்டாவது, அசைவு. கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், ஆழ்ந்து மூச்சு விடுதல், இயன்றவரை நடத்தல். உட்காரும்போது முக்காலியில் காலை உயர்த்தி வைக்கிறார்கள். நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்வதும், நின்றபடியே இருப்பதும் அவர்களுக்கு ஆகாது.

மூன்றாவது, கட்டு. விரல் பக்கத்தில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப் போகத் தளரும்படி கட்டுவதற்கு மருத்துவமனையில் பயிற்சி தந்தார்கள். வீக்கம் குறைந்தபின், அளவெடுத்த இறுக்கமான காலுறை. காலையில் எழுந்தவுடன் அதை அணிய வேண்டும். சித்திரை வெயிலில் அதை நாள் முழுவதும் அணிந்திருப்பது என்ன தவம் என்பதை அணிந்தவர்களே அறிவார்கள். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அது தளர்ந்துபோகும். புதிது வாங்க வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு அது சிறிய செலவன்று. கால் இரத்த ஓட்டத்தையும் இருதயத்தையும் மருத்துவர் பார்த்த பிறகே கட்டுப் போட வேண்டும். அடுத்த வீட்டார் சொல்லைக் கேட்டு யாரும் தாமாகக் கட்டிக்கொள்ள வேண்டாம்.

நான்காவது, எச்சரிக்கை. கால் சிவந்து, சூடாகி, குளிர் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். நீர் இறங்குவதற்கான மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கி உண்ணலாகாது. இந்த வீக்கத்துக்கு அது மருந்தன்று. காலில் சூடு போடுவது, கீறி நீரை வடிப்பது, எண்ணெய் தடவி முரட்டுத்தனமாக உருவுவது ஆகியவை காலைக் கெடுக்கும்.

இந்த இடத்தில், குருவானவர் என்ற முறையில் நாம் சொல்ல வேண்டிய சில உண்டு. வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடப்பதாகவும், மணலில் முழந்தாளால் செல்வதாகவும் நேர்ந்துகொண்டு, கால் வீங்கிய பின்பும் அதை நிறைவேற்றாவிட்டால் தேவதாய் கோபிப்பாள் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். அன்னை அப்படிப்பட்டவளல்லள். தகுந்த காரணம் இருக்கும்போது இத்தகைய தனி நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் அதிகாரத்தைத் திருச்சபைச் சட்டம் 1196-ஆம் எண்ணில் பங்குத்தந்தைக்குத் தந்திருக்கிறது. அறைவீட்டுக்கு வாருங்கள், ஐந்து நிமிட வேலை. நோயுற்றவர்கள் சாம்பல் புதனிலும் பெரிய வெள்ளியிலும் ஒருசந்தி இருக்கக் கடமைப்பட்டவர்களல்லர். வயிற்று அறுவை செய்துகொண்டவர்கள் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ண வேண்டியவர்கள். நற்கருணைக்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் ஒழுங்கும் நோயாளரையும் அவர்களைப் பேணுகிறவர்களையும் கட்டுப்படுத்தாது என்று 919-ஆம் சட்டம் சொல்கிறது. எழுந்தேற்றத்தில் முழந்தாளிட உடல்நிலை இடந்தராதவர்கள், குரு முழந்தாளிடும்போது தாழ்ந்து பணிந்து வணங்கினால் போதும் என்று திருப்பலி நூலின் பொது ஒழுங்கு 43-ஆம் எண்ணில் இருக்கிறது. குருமடத்தில் இதையெல்லாம் நாம் படித்திருந்தோம். பிரசங்கப் பீடத்தில் நின்ற அந்த ஞாயிறன்று அது நம் நினைவுக்கு வரவில்லை.

லூக்காஸ் நற்செய்தியின் பதினான்காம் அதிகாரத்தில் நீர்க்கோவை நோயுள்ள ஒரு மனிதன் வருகிறான். பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டில் விருந்து, ஓய்வுநாள், எல்லாரும் இயேசு என்ன செய்வார் என்று கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த மனிதனை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆண்டவர் அவனைத் தொட்டார், குணமாக்கினார், அனுப்பிவைத்தார். பிறகு அங்கிருந்தவர்களைக் கேட்டார்: உங்கள் எருது ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்தால் தூக்கிவிட மாட்டீர்களா என்று. ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை.

நம் சகோதரியின் கால் அப்படி ஒரே நாளில் குணமாகவில்லை. இனியும் முழுதாக வற்றாது என்றே மருத்துவர் சொல்கிறார். செபிக்கவில்லையா? செபித்தோம். நோயில் பூசுதலும் கொடுத்தோம். சின்னப்பரும் தம் உடலில் தைத்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் படிக்கிறோம். முள் நீங்கவில்லை, அருள் கிடைத்தது. இதை நலமாயிருக்கிற நாம் நோயாளிக்கு உபதேசமாகச் சொல்வது எளிது. இரவு பத்து மணிக்குக் கட்டை அவிழ்த்து, காலைக் கழுவி, மறுநாள் விடியற்காலையில் மறுபடி கட்டிக்கொள்கிறவர்களுக்குத்தான் அதன் பொருள் தெரியும். ஆகவே அவர்களுக்கு நாம் உபதேசம் செய்யவில்லை. அவர்களிடம் கேட்டுக்கொண்டோம்.

நம் கோவிலின் பக்கப் பீடத்தில் புனித ஆரோக்கியநாதரின் சுரூபம் இருக்கிறது. அங்கியைச் சற்று உயர்த்தித் தம் தொடைப் புண்ணைக் காட்டியபடி நிற்கிறார். அந்தப் புண்ணுள்ள காலுக்கு மாலை போடுகிறோம், தொட்டு முத்தி செய்கிறோம். உயிருள்ள ஒரு சகோதரி தம் காலை நம்முன் சேலையால் மூடிக்கொள்ள வேண்டியிருந்தது ஏன் என்பதை ஒவ்வொருவரும் தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொன்விழாவை முன்னிட்டுப் பங்குப் பேரவையோடு கலந்து நாம் எடுத்திருக்கும் முடிவுகள் இவை. நாற்காலிகள் இனிப் பின்வரிசையில் இரா. பீடத்துக்கு அருகே முன்வரிசையில், கால் உயர்த்தி வைக்கும் முக்காலிகளோடு இருக்கும். அங்கே இருப்பவர்களுக்கு நற்கருணையை நாமே கொண்டுவந்து தருவோம். கோவிலுக்குப் பின்னால் தேங்கி நிற்கும் சாக்கடையைத் தூர்வாரி மூடும் வேலை, கொடியேற்றப் பந்தலுக்கு முன்பே முடிய வேண்டும். அந்தக் கொசுவை வளர்த்துக்கொண்டு நோயாளருக்காக மன்றாடுவது முறையாகாது. காலுறைக்கும் கட்டுத்துணிக்கும் பணம் இல்லாதவர்களுக்கு வின்சென்ட் தே பவுல் சபையார் உதவுவார்கள். வாண வேடிக்கைக்கு ஒதுக்கிய தொகையில் பாதி இதற்குப் போகிறது. வாண வேடிக்கை குறைந்துவிட்டது என்று யாரும் நம்மிடம் முறையிட வர வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். வழக்கமாக அவர்கள் வீட்டிலேயே காலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவார்கள். நாமும் சில துளி நீர் ஊற்றித் துடைப்போம். பெண்களும் அதில் இடம்பெறலாம் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒழுங்கை மாற்றினார். இவ்வாண்டு அந்தப் பன்னிரண்டு இடங்களும் நம் பங்கின் நோயாளருக்கு. நம் சகோதரியைக் கேட்டோம். முதலில் மறுத்தார்கள். பிறகு சம்மதித்து, நமக்கு ஒரு கட்டளையும் இட்டார்கள்: “கழுவினா மட்டும் போதாது சாமி. விரலிடுக்குல ஈரம் நிக்காம நல்லாத் துடைக்கணும். தெரியலேன்னா முன்னாடியே வாங்க, சொல்லித் தாரேன்.”

நாம் போய்க் கற்றுக்கொண்டு வந்திருக்கிறோம். நீங்களும் உங்கள் தெருவில், உங்கள் குடும்பத்தில் உள்ள நோயாளரிடம் போய்க் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளரின் ஆரோக்கியமாகிய தேவதாய் உங்கள் யாவருக்காகவும் பரிந்து பேசுவாளாக. சர்வவல்ல இறைவன், பிதா, சுதன், பரிசுத்த ஆவி, உங்களையும் உங்கள் இல்லங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

மரியே வாழ்க!